ஏழு மாதக் குழந்தையோடு ஏற்காடு: ரிசார்ட்டில் எதைப் பார்த்து அறை எடுப்பது?

ஆவடி அம்மு:

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. பிப்ரவரியில் இவருக்கு லீவு கிடைக்கிறது. நான், இவர், மாமியார், பாப்பா நான்கு பேரும் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம் என்று பேச்சு. இவர் முதலில் கொடைக்கானல் என்றார். அவ்வளவு தூரம் இவளை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்லி, இழுத்துப் பிடித்து ஏற்காட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

மாமியார் தடை சொல்வார் என்று பார்த்தால், அவர்தான் எங்களைவிட ஆர்வமாக இருக்கிறார். இவருக்கு ஐந்தாம் மாதத்திலேயே பழநியில் மொட்டை போட டவுன் பஸ்ஸில் தூக்கிப் போனவராம். "அப்ப என்ன ரிசார்ட்டா இருந்துச்சு" என்கிறார். எனக்குத்தான் பயம்.

பாப்பா தாய்ப்பாலோடு ராகிக் கூழ், குழைத்த பருப்பு சாதம், ஆவியில் வேகவைத்த ஆப்பிள் சாப்பிடுகிறாள். தூளி இல்லாமல் பகலில் தூங்கவே மாட்டாள். ரிசார்ட் படங்களில் நீச்சல் குளமும் ஊஞ்சலும்தான் தெரிகின்றன. எனக்குத் தேவையான எதுவும் அந்தப் படங்களில் இல்லை. காரா, ரயிலா? எந்த மாதிரி அறை? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரி:

தாராளமாகப் போங்க அம்மு. தவழ ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம். இப்போது உருண்டு புரள்வதோடு சரி, கட்டிலில் மட்டும் தனியாக விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு மட்டும் ரிசார்ட்டை நம்ப வேண்டாம். பஃபேயில் இட்லி இருக்கும், அது போதும். மற்றதெல்லாம் மிளகும் உப்பும். முளைகட்டிய ராகி மாவை வறுத்துக் கொண்டு போங்கள், வெந்நீர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துப் பொடித்து ஒரு டப்பா. ஆனால் சின்ன எலெக்ட்ரிக் கெட்டில் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். அறையில் வைத்திருக்கும் கெட்டிலில் உங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் முட்டை அவித்திருப்பார்கள், நூடுல்ஸ் கிண்டியிருப்பார்கள். நான் ஒருமுறை திறந்து மோந்து பார்த்ததோடு சரி.

மருந்தில் ஒரு விஷயம். பாராசிட்டமால் சொட்டு மருந்து பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 120, இன்னொன்று 250. சொட்டு மருந்து தீர்ந்து, போன ஊரில் சிரப் வாங்கினால் அளவு மொத்தமாக மாறிவிடும். வீட்டில் கொடுக்கும் பாட்டிலையே எடுத்துப் போங்கள். இவள் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன்:

நான் ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எந்த விடுதி என்று சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். கைக்குழந்தையோடு வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஊரைத் தேடுகிறீர்கள் தங்கச்சி, தேட வேண்டியது அறையை. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க அந்த நான்கு சுவருக்குள்தான் இருப்பீர்கள். பாப்பா தூங்குவாள், நீங்கள் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் காசு கொஞ்சம் கூடப் போனாலும் வெளியே திண்ணை மாதிரி இடம் உள்ள தரைத்தள அறையை எடுங்கள். மலையில் கட்டின விடுதிகள் படிப்படியாகத்தான் இருக்கும். "வியூ ரூம்" என்று நாங்கள் ஆசை காட்டுவது பெரும்பாலும் நாற்பது படி ஏறிப் போகிற அறை. உங்கள் மாமியாரின் முழங்காலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்கும்போது "பேபிக்கு வசதி இருக்கா?" என்று கேட்காதீர்கள். யாரிடம் கேட்டாலும் "இருக்கு மேடம்" என்றுதான் வரும், நானும் அதையேதான் சொல்வேன். வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டும்தானா என்று கேளுங்கள். சோலார் வைத்திருக்கிற இடங்களில் மேகம் போட்ட நாளில் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். கரண்ட் போனால் அறைக்குள் பிளக் பாயிண்டுக்கும் ஜெனரேட்டர் உண்டா, லைட்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரி கேம்ப்ஃபயரும் பாட்டும் எந்தப் பக்கம் நடக்கும் என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் அறை கேளுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம், வாடகையும் இறங்கும்.

தூளி. இதுதான் உங்கள் பெரிய பிரச்சினை. பழைய எஸ்டேட் பங்களாக்களில் மரச்சட்டம் இருக்கும். இப்போது கட்டின அறைகளில் மேலே ஜிப்சம் பலகைதான், ஒரு சட்டையைக்கூட மாட்ட முடியாது. சிலர் ஜன்னல் கம்பியிலும் அலமாரிக் கைப்பிடியிலும் சேலையைக் கட்டுகிறார்கள். எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா பார்த்தால் சத்தம் போட்டு அவிழ்க்கச் சொல்வார். மடக்குகிற இரும்பு ஸ்டாண்டு தொட்டில் கிடைக்கிறதே, அதைக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இந்த ஒரு மாதத்தில் பகல் தூக்கத்துக்குப் பாயில் பழக்கிப் பாருங்கள்.

குளிர் விஷயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரம் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பிப்ரவரி ராத்திரி குளிரும். நாங்கள் கொடுக்கிற கனமான ரஜாயைப் பாப்பா மேல் போர்த்த வேண்டாம், முகத்தில் ஏறிவிடும். பருத்திச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளி உடுப்பு, காலுறை போதும். குளிருக்காகக் கரி அடுப்பையோ, பார்பிக்யூ முடிந்த தணலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். யாராவது கேட்டால் நான் கொடுப்பதில்லை, திட்டிவிட்டுப் போகட்டும்.

ஆவடி அம்மு:

அண்ணா, ரொம்ப நன்றி. ஜெனரேட்டர் கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றாது. இரண்டு சந்தேகம். பாப்பாவை நீச்சல் குளத்தில் இறக்கி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று இவர் குட்டி நீச்சல் உடையே வாங்கிவிட்டார். அப்புறம் மாமியார் அங்கே மலைத்தேன் வாங்கிப் பாப்பா நாக்கில் ஒரு சொட்டு தடவ வேண்டும் என்கிறார்.

கோவைக்காரி:

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம், பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, பச்சைக் குழந்தை குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கை கால் துவண்டு, பால் உறிஞ்சக்கூடத் தெம்பு இல்லாமல் போகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மாமியாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள், டாக்டர் சொன்னார் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும். "ஒரு பாட்டில் வாங்கி வைங்க அத்தை, முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் நீங்களே தொட்டு வைங்க" என்றால் அவருக்கும் மனசு ஆறும்.

சேர்வராயன்:

குளத்துத் தண்ணீர் இங்கே மதியம் இரண்டு மணிக்குக்கூடச் சில்லென்றுதான் இருக்கும். பெரியவர்களே குதித்த வேகத்தில் ஏறிவிடுகிறார்கள், இத்தனை சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். சாரிடம் சொல்லுங்கள், அந்த உடுப்பைப் போட்டு, வெயில் விழுகிற திண்ணையில் பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உட்கார வையுங்கள். கையை மட்டும் அவள் மேலிருந்து எடுக்க வேண்டாம். டப் எங்களிடம் கேட்டால் கிடைக்கும், போட்டோவும் நன்றாக வரும்.

நைட் ஷிப்ட் அப்பா:

யாரும் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்வது கார். ஸ்டாண்டு தொட்டில், கெட்டில், டயப்பர் மூட்டை, மாமியார் பை எல்லாவற்றையும் ரயிலில் யார் தூக்குவது? ஆனால் காரில் பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கை வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. குழந்தையைப் பாதுகாப்பாகக் கட்டாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு, பிடிக்கிறார்களா என்பது வேறு கதை. எங்கள் மகன் அந்த இருக்கையில் ஒரே நேரம்தான் தூங்குவான், விடியற்காலை. அதனால் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துச் சமமாகப் படுக்கப் போடுங்கள்.

சேர்வராயன்:

சாருடன் ஒத்துப்போகவில்லை. சென்னையிலிருந்து சேலம் 340 கிலோமீட்டர் இருக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்திப் போனால் அன்றைய நாள் காலி, அதற்குப் பிறகுதான் மலையே தொடங்கும். ரயிலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள், அது சேலத்தில் விடியாத நேரத்தில் இறக்கிவிடும். எங்களிடம் அறை கிடைப்பது மதியம் பன்னிரண்டுக்கு. அதிகாலையில் குழந்தையோடு லாபியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும், அறை காலியாக இருந்தால் கொடுத்துவிடுவேன், எப்போதும் காலியாக இருக்காது. பகல் ரயிலில் வாருங்கள். வந்தே பாரத் நான்கு மணி நேரத்துக்குள் சேலம் கொண்டுவந்துவிடும். தனி இருக்கை கேட்காதவரை ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது. சேலத்திலிருந்து டாக்ஸி. குழந்தை இருக்கையை வீட்டிலிருந்து கொண்டுவந்து டாக்ஸியில் மாட்டுங்கள், அந்த விஷயத்தில் சார் சொல்வதுதான் சரி. இங்கே டாக்ஸிகளில் அது இருக்காது.

ஆவடி அம்மு:

ரயிலுக்கே வாக்கு விழுந்துவிட்டது, மாமியாருக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமாம். திங்கள் முதல் புதன் வரை போட்டிருக்கிறோம். தரைத்தள அறை, திண்ணையோடு. வெந்நீர் பற்றிக் கேட்டதும் அந்தப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு "காலையில மட்டும்தான் மேடம்" என்று உண்மையைச் சொன்னான். அதனால் அடுத்த விடுதிக்குப் போன் போட்டு, அங்கே எடுத்தோம். கடைசியாக ஒன்று, அந்த வளைவுகளில் பாப்பா வாந்தி எடுப்பாளா?

சேர்வராயன்:

சேலம் பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் அளவுக்கு மலைப்பாதை வாந்தி வருவதில்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் வரும். அடிவாரத்தில் வயிறு முட்ட ஊட்டிவிட்டு ஏறாதீர்கள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். பாதி வழியில் ஓரமாக நிறுத்த இடம் இருக்கிறது, அங்கே வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். ஓடுகிற வண்டியில் மடியில் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

புதன்கிழமை இறங்கும்போது மதியச் சாப்பாடு முடிந்து உடனே கிளம்பாமல், பாப்பா ஒரு தூக்கம் போட்டு எழட்டும். செக் அவுட் பதினொரு மணி என்பார்கள். வார நாள்தானே, முந்தின ராத்திரியே ரிசப்ஷனில் சொல்லிவைத்தால் இரண்டு மணி வரை விடுவார்கள். காலையில் கேட்டால் வேலை ஆகாது, அதற்குள் துணி மாற்ற ஆள் அனுப்பியிருப்போம்.