ரூஃப் ராக் பொருத்தியாச்சு, ஆனால் முன் கம்பி நகர்கிறது, ஊளைச் சத்தமும் வருகிறது. உதவி தேவை

ரெண்டுசக்கரம்:
வணக்கம். என்னுடையது ஐந்து கதவு ஹேட்ச்பேக். கூரையில் ரெயில் கிடையாது, வெறும் தகடுதான். அதனால் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் கொக்கி மாட்டி முறுக்கும் வகை ரூஃப் ராக் வாங்கிப் பொருத்தினேன். அதன்மேல் சைக்கிளை நிற்க வைத்து ஃப்ரேமைப் பிடிக்கிற கேரியர் இரண்டு.

பின் கம்பி அசையவே இல்லை. முன் கம்பியின் வலது முனையைத் தள்ளினால் ஒரு விரல் அகலம் பின்னால் போகிறது. பெட்டியில் வந்த சாவி 'கிளிக்' ஆகும்வரை முறுக்கிவிட்டேன். சைக்கிள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தால் வேகம் அறுபதைத் தாண்டியதும் 'ஊ' என்று ஒரே சத்தம். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகுமா?

இன்னொரு சந்தேகம். கார் கையேட்டில் கூரை எடை 50 கிலோ என்று இருக்கிறது. சைக்கிள்கள் 14, 16 கிலோ. பையனின் 9 கிலோ சைக்கிளையும் ஏற்றலாமா?

ஸ்பேனர்:
தயவுசெய்து இதற்கு மேல் முறுக்காதீர்கள். சாவி கிளிக் ஆனாலே தேவையான இறுக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் சட்டத்துத் தகடு நெளியும், கதவு ஓரத்து ரப்பர் பீடிங் சரியாக உட்காராமல் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

இறுக்கியும் நகர்கிறது என்றால் அடியில் இருக்கிற ரப்பர் கூரையோடு முழுசாகப் படியவில்லை. ஒரு தாளை ரப்பரின் நான்கு ஓரத்திலும் சொருகிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாள் சுலபமாக உள்ளே போகிறதோ அந்தப் பக்கம் காற்றில் நிற்கிறது.

காற்றுவாக்கு:
இதுக்கா இவ்வளவு கவலை? பழைய டியூபை வெட்டி ரப்பருக்கு அடியில் வைத்து இறுக்குங்க ப்ரோ. கம்முனு நிக்கும்.

ஸ்பேனர்:
காற்றுவாக்கு சார், நிற்கும், முதல் வளைவு வரைக்கும். டியூப் நசுங்க நசுங்கப் பிடி தளரும். அதை யாரும் செய்ய வேண்டாம்.

ரெண்டுசக்கரம்:
தாள் வைத்துப் பார்த்தேன். முன் வலது ரப்பரின் உள் ஓரத்தில் தாராளமாக உள்ளே போகிறது. முன் இடதிலும் லேசாகப் போகிறது. பின்னால் இரண்டும் சரி.

மேட்டுப்பாதை:
இரண்டு தகவல் வேண்டும். முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து முன் கம்பி எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது? கொக்கியும் ரப்பரும் தனிப் பெட்டியில் வந்திருக்குமே, அதற்குள் ஒரு தாள் இருக்கும். அதில் உங்கள் காரின் எந்த ஆண்டு மாடல் போட்டிருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், கூரை எல்லா இடத்திலும் ஒரே வளைவில் இருக்காது. முன்னால் ஒரு சரிவு, பின்னால் வேறு சரிவு. ஒவ்வொரு ரப்பரும் அது உட்கார வேண்டிய இடத்துக்கென்றே வார்க்கப்பட்டது. நாலு விரல் தள்ளி வைத்தாலே ஓரம் தூக்கிக்கொள்ளும். கம்பியின் அடியில் எண் அளவுகோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன் கம்பிக்கும் பின் கம்பிக்கும் வேறு வேறு எண் வருவது சாதாரணம். இரண்டு முனையிலும் ஒரே எண்ணில் நின்றால்தான் கம்பி நடுவில் இருக்கிறது.

அப்புறம், ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று மாறி மாறி.

ரெண்டுசக்கரம்:
தூரமும் எண்ணும் தாளில் உள்ளபடியேதான் இருக்கின்றன. ஆனால் ஆண்டு இடிக்கிறது. கார் பெயர் அதேதான், தாளில் இருப்பதோ இதற்கு முந்தைய உடல் வடிவம். கடையில் பெயரைக் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

மேட்டுப்பாதை:
அவ்வளவுதான் விஷயம். கம்பியும் அதைத் தாங்கும் கால்களும் சரி, அந்தச் சின்னப் பெட்டி மட்டும் மாற வேண்டும். மாற்றும்வரை சைக்கிள் ஏற்றாதீர்கள். பொருத்தும்போது கூரையையும் ரப்பரையும் ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள், அடியில் மணல் இருந்தால் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

சத்தத்துக்கு வருவோம். கேரியரைக் கம்பியின் மேல் இருக்கிற காடியில் போல்ட் விட்டுப் பிடித்திருக்கிறீர்களா? அந்தக் காடியை மூடியிருந்த நீள ரப்பர் பட்டை எங்கே?

ரெண்டுசக்கரம்:
போல்ட் போட இடைஞ்சலாக இருந்தது, கழற்றி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மேட்டுப்பாதை:
எடுத்து வெட்டிப் போடுங்கள். கேரியர் உட்காருகிற இடம் மட்டும் திறந்திருக்கட்டும், மீதி நீளம் முழுக்க மூட வேண்டும். திறந்த காடிக்கு மேல் காற்று ஓடினால் புல்லாங்குழல்தான். கம்பியின் மொத்தையான விளிம்பு முன்னால் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். திருப்பி மாட்டினாலும் சத்தம் வரும்.

ஸ்பேனர்:
எடைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்த 50 கிலோவில் ராக்கும் அடக்கம். கம்பி, கேரியர் எல்லாம் எவ்வளவு?

ரெண்டுசக்கரம்:
கம்பி 5, கேரியர் இரண்டும் சேர்ந்து 9.

ஸ்பேனர்:
அப்போது இரண்டு சைக்கிளோடு 44. பையனுடையதைச் சேர்த்தால், மூன்றாவது கேரியரை எண்ணாமலே 53. வேண்டாம். முன் சக்கரத்தைக் கழற்றினால் அது பின் சீட்டிலேயே அடங்கும். ராக்கிலும் கேரியரிலும் அவற்றுக்கென்று தனி எடை வரம்பு அச்சடித்திருக்கும், எது குறைவோ அதுதான் கணக்கு. சைக்கிளில் உள்ள தண்ணீர் பாட்டில், பம்பு, குழந்தை சீட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஃப்ரேம் கார்பன் என்றால் சொல்லுங்கள், அதை இந்தக் கிளாம்பால் நெருக்கக் கூடாது.

ரெண்டுசக்கரம்:
இரண்டுமே அலுமினியம்தான்.

புதுப் பெட்டி வந்தது, மாட்டியாச்சு. தாள் எந்த ஓரத்திலும் நுழையவில்லை. முன் கம்பியைப் பிடித்து உலுக்கினால் காரே ஆடுகிறது, கம்பி நகரவில்லை. பட்டையை வெட்டிப் போட்டதும் ஊளையும் நின்றது. எண்பதில் லேசான காற்றுச் சத்தம் மட்டும்தான். இருவருக்கும் நன்றி.

மேட்டுப்பாதை:
நல்லது. சைக்கிளோடு முதல் தடவை கிளம்பி அரை மணி நேரத்தில் நிறுத்தி, நான்கு கால்களையும் சக்கரப் பட்டைகளையும் ஒருமுறை சரிபாருங்கள். ரப்பர் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். சைக்கிளோடு மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும், அடித்தளப் பார்க்கிங் பலவற்றில் அவ்வளவு உயரம் இருக்காது.

காற்றுவாக்கு:
டிக்கிக் கதவை மெதுவாத் திறங்க ப்ரோ. ஹேட்ச்பேக்ல அது மேலே போய் சைக்கிளோட பின் சக்கரத்தில் இடிக்கும்.

ரெண்டுசக்கரம்:
இப்போதுதான் பார்த்தேன், இடிக்கத்தான் செய்கிறது. கேரியர் இரண்டையும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்கிறேன்.