மறுமொழி: பெரிய குவில்ற்றைப் பகுதி பகுதியாகத் தைக்கும் முறைக்குக் கலைச்சொல் – ‘பாத்தித் தையல்’

எல்லோருக்கும் வணக்கம். குவில்ற் (quilt) என்பது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. பெரிய குவில்ற்றை ஒரேயடியாகத் தைக்காமல், பகுதி பகுதியாகத் தைத்து முடித்துப் பிறகு இணைக்கும் முறைக்குத் (ஆங்கிலத்தில் quilt-as-you-go) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகள் பற்றி என் கருத்து இது.

> ‘தைத்தபடி இணைத்தல்’ என்று வைத்தால் பொருள் நேராக வந்துவிடும்.

அண்ணா, இதை ஏற்க முடியவில்லை. தைக்கத் தைக்க இணைத்துக்கொண்டு போவதாகத்தான் அந்தச் சொல் காதில் விழுகிறது. வேலை நடக்கும் ஒழுங்கு வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் மேல்துணி, நடுவில் பஞ்சுப்படை, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி, ஊக்குக் குத்தி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் அடுக்குத் தையலை முழுதாக முடித்து, ஓரத்தைச் சதுரமாக வெட்டிய பிறகே அடுத்த பகுதியோடு சேர்க்கிறோம்.

‘பகுதித் தையல்’ என்றாலும் சிக்கல்தான். கிளிநொச்சியில் என்னிடம் தையல் பழகும் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் உடனே ஒட்டுவேலையைத்தான் நினைக்கிறார்கள். ஒட்டுவேலையில் துண்டுகள் சேர்ந்து ஒரு மேல்துணி ஆகிறது, அவ்வளவுதான். பஞ்சும் அடித்துணியும் அதற்குப் பிறகு வருபவை. இந்த முறையில் இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டும் ஒரு சின்னப் போர்வை. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல்லால் பழகுகிறவருக்குப் பயனில்லை.

இங்கே இந்த முறை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் பல வீடுகளுக்கு வாழ்வாதார உதவியாக வந்தது தையல் மெசின். வீட்டு மெசினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் 6, 7 அங்குலந்தான் இருக்கும். இரட்டைக் கட்டில் போர்வை 90க்கு 100 அங்குலம். நடுப்பகுதியைத் தைக்கும்போது பாதிப் போர்வையைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணிக்க வேண்டும். மிச்சப் பாதி மேசைக்கு வெளியே தொங்கித் துணியை இழுக்கும், தையல் நீளம் ஒருசீராக வராது. மிதிமெசின் என்றால் காலும் நோகும். பகுதியாகத் தைத்தால் 20 அங்குலச் சதுரத்தை எந்தப் பக்கமும் லேசாகத் திருப்பலாம்.

அதனால் என் முன்மொழிவு பாத்தித் தையல். பகுதிகளை இணைக்கும் துணிப்பட்டிக்கு வரம்பு. வெங்காயம் நட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: ஒவ்வொரு பாத்தியும் தன்னளவில் முழுமையானது, வரம்பு அவற்றைப் பிரித்தும் சேர்த்தும் நிற்கிறது. “பாத்தி பாத்தியாத் தைச்சு முடியுங்கோ, பிறகு வரம்பு போடுவம்” என்று வகுப்பில் சொன்னேன். வட்டக்கச்சிப் பிள்ளையும் விசுவமடுப் பிள்ளையும் திருப்பிக் கேட்கவில்லை, வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

வரம்பு என்ற சொல் வேலையின் உள்ளேயும் நன்றாகப் பொருந்துகிறது. முன்வரம்பை 1 அங்குல அகலத்தில் வெட்டுகிறோம். பின்வரம்பை 1¾ அங்குலத்தில் வெட்டி நீளவாக்கில் இரண்டாக மடித்து அழுத்துகிறோம். முதல் பாத்தியின் ஓரத்தில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றும் வைத்துக் கால் அங்குலத்தில் ஒரே தையல். பிறகு முன்வரம்பின் மறு ஓரத்தை அடுத்த பாத்தியோடு, நல்லபக்கம் நல்லபக்கத்தைப் பார்க்க வைத்துத் தைக்க வேண்டும். விரித்தால் முன்வரம்பு அரை அங்குலமாகத் தெரியும். இரு பாத்திகளின் கால் அங்குல ஓரங்களும் அதன் கீழே முட்டி நிற்பதால் பள்ளமோ புடைப்போ வராது. பின்வரம்பின் மடித்த ஓரம் தையலை மூடிக்கொள்ளும், அதைக் கைத்தையலால் பிடித்தால் போதும். பாத்திகளை முதலில் நிரையாகச் சேர்த்து, பிறகு நிரைகளை நீள வரம்பால் சேர்ப்பது.

பட்டி வைக்காமல் இணைப்பதும் உண்டு. அதற்கு ஓரத்தில் ஓர் அங்குலம் அடுக்குத் தையல் போடாமல் விட வேண்டும். மேல்துணிகளை மட்டும் தைத்து, பஞ்சை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து, அடித்துணியில் ஒன்றின் ஓரத்தை மடித்து மற்றதன் மேல் கையால் தைப்பது. இதை ‘வரம்பில்லாப் பாத்தி’ எனலாம்.

> ‘துன்னம்’ பழந்தமிழ்ச் சொல். அதை மீட்டால் என்ன?

அக்கா, எனக்கும் பிடித்த சொல். துன்னம் என்றால் தையல்; சிலப்பதிகாரத்தில் துன்னகாரர், அதாவது தையற்காரர், வருகிறார்கள். ஆனால் பொருநராற்றுப்படையில் ‘துன்னற் சிதாஅர்’ என்பது வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல். ஆகவே துன்னம் ஒட்டுவேலைக்கோ கிழிசல் தைப்பதற்கோதான் பொருந்தும். அதற்கென்றே அதை வைத்திருப்போம் என்பேன்.

‘மெத்தைத் தையல்’ வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தைதான் நினைவுக்கு வரும். இங்குள்ள வெக்கைக்கு நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை வைத்தாலே போதும், அதுவும் அடுக்குத் தையல்தான்.

இரண்டு விடயங்கள் முடிவாக வேண்டும். மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் இருப்பவர்களுக்குப் பாத்தி என்றதும் இந்தப் பொருள் தடையில்லாமல் வருகிறதா? அடுத்தது, போர்வையின் வெளிச்சுற்றில் மடித்துத் தைக்கும் பட்டியையும் ‘சுற்றுவரம்பு’ என்று சொல்லலாமா, அல்லது அதற்குக் ‘கரைப்பட்டி’ என்றே வைப்போமா? பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கரைப்பட்டிதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அது எந்தப் பாத்தியையும் எதனோடும் இணைப்பதில்லை.