பாலியில் வயலோரக் கிராமத்தில் நிலம் வாங்கலாமா?

கேள்வி: பாலியின் தபானான் பகுதியில், நெல்வயல்களுக்கு நடுவே ஓராண்டாக வாடகை வீட்டில் வசிக்கிறேன். பக்கத்து வயலை உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிவிடுமாறு தரகர் ஒருவர் வற்புறுத்துகிறார். துணியலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமை வெளிநாட்டவருக்குக் கிடையாது. அதைச் சுற்றிவளைத்துப் பினாமி பெயரில் வாங்கினால் கிரயம் செல்லாது என்பதோடு, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. குத்தகையே உத்தமம்.

பதில் 2: குத்தகைக்கு முன் பாதையைப் பாருங்கள். எங்கள் மனைக்கு வண்டி போகாது. சிமென்ட் மூட்டைகளை வரப்பின் மேல் தலைச்சுமையாகவே கொண்டுபோனோம். பாசன நீரைப் பங்கிடும் 'சுபாக்' அமைப்பினரிடமும் பேசிவிடுங்கள். வாய்க்காலை மறித்துச் சுவர் எழுப்பினால், கீழ்வயல்காரர் பிறகு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

கேட்டவர்: மிக்க நன்றி. தரகரிடம் மறுத்துவிட்டேன், சுபாக் தலைவரை நாளை சந்திக்கிறேன்.