அப்பாவின் குரல் இருக்கும் கேசட்டுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். தொண்டைப் புற்றுநோயால் அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. குரல்வளையை எடுத்துவிட்டதால் கடைசி இரண்டு வருடமும் அவருக்குப் பேச்சில்லை. வானொலியில் தேசிய கீதம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கும் மனிதர். எழ முடியாமல் போன நாட்களில் முதுகையாவது நிமிர்த்திக்கொள்வார். என் மகளுக்கு நான்கு வயது. தாத்தா பேசிக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை.

பரணில் அவர் பேசிப் பதிந்த நான்கு கேசட்டுகள் கிடைத்தன. எல்லாம் 60 நிமிடம். நாட்டைப் பற்றிய பேச்சுதான், வேறென்ன! இரண்டில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும் என்பதால் தொடவில்லை. தவறி மேலே எதுவும் பதிவாகாதபடி மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் உடைத்துவிட்டேன்.

நல்ல இரண்டையும் ஹெட்போன் துளை வழியாகக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேவ் (WAV) ஒலிக்கோப்பாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். அது போதுமா? பூஞ்சை பிடித்ததை வீட்டிலேயே சுத்தம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், இரைச்சலைக் குறைத்தால் குரலும் மாறிவிடுமா? பேச்சுக்கு நடுவே அவர் கனைப்பது எனக்கு அப்படியே வேண்டும்.