உதவி: கரண்ட் எலிப்பொறியில் சிவப்பு லைட் எரிகிறது, எலியைத்தான் காணோம்

வேளச்சேரி வாசி:
வணக்கம். ஆன்லைனில் எலக்ட்ரிக் எலிப்பொறி ஒன்று வாங்கினோம். உள்ளே போனால் ஷாக் அடித்துச் செத்துவிடும் என்று போட்டிருந்தான். ராத்திரி வைக்கிறோம், காலையில் பார்த்தால் சிவப்பு லைட் மினுக்குகிறது, உள்ளே வைத்த சாப்பாடு காலி, எலி இல்லை. தினமும் இதே கதை. அடுத்த வாரம் மாமியார் வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? அவசரம்.

அகிலா ம.:
பேட்டரியா அடாப்டரா? எங்கே வைக்கிறீர்கள், உள்ளே என்ன வைக்கிறீர்கள்? இது எதுவுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

டெல்டாக்காரன்:
எலியா, சுண்டெலியா, பெருச்சாளியா? கண்ணால் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் புழுக்கை எவ்வளவு நீளம் என்றாவது சொல்லுங்கள். சீரகம் அளவு என்றால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரிய எலி. ஈரமாக, நாற்றமாக இருந்து, அரிசி மூட்டையில் பல்லே படவில்லை என்றால் அது மூஞ்சூறு, எலியே இல்லை, கரப்பான் தின்ன வந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

சோளிங்கர் சேகர்:
இரைதான் பிரச்சினை. மசால் வடை வையுங்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து மசால் வடைக்கு மயங்காத எலி கிடையாது.

தச்சநல்லூரான்:
அவர் எழுதியதைப் படித்தீர்களா சேகர்? சாப்பாடு காலி என்கிறார். எலி உள்ளே போய், தின்றுவிட்டு, திரும்பியும் போகிறது. அதற்கு வடை என்ன செய்யும்?

இப்படி ஒரு கேள்வி இங்கே வருடத்துக்கு நாலு தடவையாவது வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். பெட்டிக்குள் தரையில் இரண்டு அல்லது மூன்று உலோகத் தகடுகள் இருக்கும், நடுவில் இடைவெளி இருக்கும். எலியின் ஒரு கால் ஒரு தகட்டிலும் இன்னொரு கால் அடுத்த தகட்டிலும் பட்டால்தான் சர்க்யூட் மூடும். அப்போது பேட்டரியின் 6 வோல்ட்டைச் சில ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித் துடிப்புத் துடிப்பாக விடும். அந்த உதைப்பு கொஞ்ச நேரம் நிற்காமல் கிடைத்தால்தான் எலி சாகும். பேட்டரியில் தெம்பில்லை என்றால் முதல் உதைப்பில் மயங்கி விழும், பெட்டி ஓய்ந்ததும் எழுந்து போய்விடும். சிவப்பு லைட் சொல்வது "ஏதோ ஒன்று தொட்டது" என்பதை மட்டும்தான். செத்தது என்று சொல்லவில்லை. இதெல்லாம் கூட வந்த தாளிலேயே இருந்திருக்கும்.

குட்டிம்மா:
எங்கள் வீட்டில் பல்லி புகுந்தாலே சிவப்பு லைட் வந்துவிடும். அப்புறம் ஆஃப் செய்து ஆன் செய்யும் வரை அது சும்மா கிடக்கும், பின்னால் வருகிற எலி நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும். அப்படியும் இருக்கலாம் அக்கா.

மின்கம்பி:
குட்டிம்மா சொல்வது நல்ல பாயிண்ட். ஆனால் எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். ரீசார்ஜ் பேட்டரி போட்டிருக்கிறீர்களா? சாதா பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், ரீசார்ஜ் ஒன்று 1.2. நாலு போட்டால் 6 வர வேண்டிய இடத்தில் 4.8தான் வரும். லைட் எரிய அது போதும், எலியைக் கொல்லப் போதாது.

ஒரு எச்சரிக்கை. தகட்டில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டில் வைத்திருக்கும் மல்டிமீட்டர் 600, மிஞ்சினால் 1000 வோல்ட்டுக்குத்தான். மீட்டர் போய்விடும்.

வேளச்சேரி வாசி:
சாரி, ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். கறுப்புப் பெட்டி, ஒரு சாணுக்கும் குறைவான நீளம். பெரிய கட்டை பேட்டரி நாலு போடச் சொல்கிறது, தெருக்கடையில் அது இல்லை. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார், சின்ன பேட்டரியை அதற்குள் விட்டால் பெரிய கட்டை அளவுக்கு வந்துவிடுகிறது. ஆமாம், ரீசார்ஜ்தான். சிங்க் கீழே குப்பைக் கூடைப் பக்கம் வைக்கிறோம். தேங்காய், சப்பாத்தி, நேற்று நெய் ரோஸ்ட். புழுக்கை சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். மூன்றாவது மாடி.

மின்கம்பி:
பார்த்தீர்களா! உறைக்குள் சின்ன பேட்டரி, அதுவும் ரீசார்ஜ். பெரிய கட்டை நாலு, அல்கலைன் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் விலை குறைந்த ரகம் வேண்டாம், இழுக்கும்போது வோல்ட் சடாரென்று இறங்கிவிடும்.

டெல்டாக்காரன்:
பேட்டரியை விடுங்கள். அந்த நீளத்தில் புழுக்கை, மூன்றாவது மாடி. பெருச்சாளி அவ்வளவு உயரம் ஏறாது, அது சாக்கடை ஓரத்தில் வளை தோண்டுகிற ஜாதி. பைப்பையும் கேபிளையும் பிடித்து மேலே வருவது வீட்டு எலிதான், அது 150 கிராம் சாதாரணமாக இருக்கும். சுண்டெலி 20 கிராம் வந்தாலே அதிகம். உங்கள் பெட்டி சுண்டெலிக்குச் செய்தது. பெரிய எலி வாசலில் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு கழுத்தை நீட்டி நெய் ரோஸ்ட்டை இழுத்திருக்கும். இரண்டு தகட்டிலும் சரியாகக் கால் பட்டிருக்காது, அப்படியே பட்டாலும் பின்னால் துள்ளி வெளியே வந்திருக்கும். பெரிய எலிக்கென்று நீளமான பெட்டி தனியாக விற்கிறார்கள்.

பாளையம்:
இந்த விளையாட்டுப் பொம்மையெல்லாம் எதற்கு? எங்கள் குடோனில் தகரத்தில் நேராக வீட்டுக் கரண்டையே கொடுத்து வைத்தோம். ஒரு ராத்திரியில் வேலை முடிந்தது.

மின்கம்பி:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பேட்டரிப் பெட்டியில் வோல்ட் அதிகம் என்றாலும் நாலு கட்டையால் தர முடிந்த கரண்ட் கொஞ்சம்தான், மூடியைத் திறந்தாலே நின்றுவிடும்படி செய்திருப்பார்கள். சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட், அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மரே நிற்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வரும் குழந்தை மிதித்தால்?

பாளையம்:
மெயினில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறது சார். 30 மில்லியாம்பியர் கசிந்தால் டிரிப் ஆகிவிடும். தெரியாமலா செய்கிறோம்.

மின்கம்பி:
அது பார்ப்பது எர்த்துக்குப் போகும் கசிவை. ஒரு கால் ஃபேஸிலும் ஒரு கால் நியூட்ரலிலும் பட்டால் அதன் கணக்குக்கு அது இன்னொரு பல்பு, டிரிப் ஆகவே ஆகாது.

டெல்டாக்காரன்:
எங்கள் பக்கம் வயலில் எலிக்கென்று திருட்டுத்தனமாகக் கம்பி கட்டி, காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் விழுந்து கிடந்த செய்தி வருடா வருடம் வருகிறது. சில நேரம் கம்பி கட்டியவரே போயிருப்பார். வயல் எலிக்கு மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி என்ற பொறி இருக்கிறது, அதற்குக் கரண்டும் வேண்டாம், போலீஸும் வேண்டாம்.

அகிலா ம.:
ஏன் எல்லோரும் கொல்வதிலேயே இருக்கிறீர்கள்? கம்பிக் கூண்டில் பிடித்துக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டால் போதுமே. பிள்ளையார் வாகனம் வேறு.

குட்டிம்மா:
எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் அக்கா?

அகிலா ம.:
தெருக்கோடியில் காலி மனை இருக்கிறது.

தச்சநல்லூரான்:
அந்தக் காலி மனைக்கு அடுத்த வீட்டுக்காரர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா? அவரும் ஒரு கூண்டு வைத்து உங்கள் தெருவில் கொண்டுவந்து விடுகிறார் போலிருக்கிறது. இந்தப் பக்கம் ஒன்று போனால் அந்தப் பக்கம் ஒன்று வரும். பெண் எலி சினைப்பட்டால் மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் அரை டஜன் சாதாரணம்.

அகிலா ம.:
உங்களிடம் கேட்கவில்லை. கொல்கிறவர்கள் கொல்லுங்கள், பசைத் தட்டு மட்டும் யாரும் வாங்க வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கத்திக்கொண்டே கிடக்கும். விலங்கு நல வாரியம் 2011லேயே அதைக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும் வேண்டாம், அதற்கு மாற்று மருந்தே கிடையாது, தமிழ்நாட்டில் விற்பனைக்கும் தடை.

சோளிங்கர் சேகர்:
நம் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் என்கிறார்களே, பிளக்கில் சொருகும் அந்த அல்ட்ராசோனிக் கருவி வாங்குங்கள் மேடம், சாவும் இல்லை பாவமும் இல்லை. எங்கள் வீட்டில் சொருகி வைத்திருக்கிறோம்.

அகிலா ம.:
எலி போய்விட்டதா?

சோளிங்கர் சேகர்:
கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தச்சநல்லூரான்:
அமெரிக்காவில் வாணிப ஆணையம் 2001லேயே இந்தக் கருவி செய்கிறவர்கள், விற்கிறவர்கள் அறுபது பேருக்கு மேல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. சேகர் இன்னும் "நினைக்கிறேன்" என்கிறார். மசால் வடையும் அவர்தான் சொன்னார் என்பதையும் கவனிக்கவும்.

சோளிங்கர் சேகர்:
மசால் வடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். உங்கள் ஊரில் எலிக்கு அல்வாவா வைப்பார்கள்?

தச்சநல்லூரான்:
கருவாடு. வீட்டில் சாப்பிடாதவர்கள் நிலக்கடலையை அரைத்து ஒரு பட்டாணி அளவு, பெட்டியின் கடைசிச் சுவரில் தடவ வேண்டும், தகட்டில் படவே கூடாது. நெய் ரோஸ்ட்டெல்லாம் கொடுமை. நெய் வழிந்து தகட்டில் படிந்தால் எலியின் காலுக்கும் உலோகத்துக்கும் நடுவே அதுவே ஒரு மெத்தை. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தகட்டைக் காய்ந்த துணியால் துடையுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள்.

டெல்டாக்காரன்:
இரை தகராறு இருக்கட்டும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சுற்றிப்போகும், சுண்டெலி அப்படியில்லை, முகர்ந்து பார்க்க ஓடிவரும். உங்கள் எலி இந்தப் பெட்டிக்குப் பழகிவிட்டது, ஆனால் உதையும் வாங்கியிருக்கிறது. அதனால் சில நாள் சுவிட்சை ஆஃபிலேயே வைத்துத் தீனி மட்டும் போடுங்கள். நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, வாசல் அது ஓடிவரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். கருநிறமாக எண்ணெய்ப் பிசுக்கு சுவர் ஓரத்தில் தெரியும் பாருங்கள், அதுதான் அதன் பாதை. சிங்க் கீழே ஈரம் இருந்தால் வேறு இடம் பாருங்கள், ஈரத்தில் பெட்டி தானாகவே அடித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

குட்டிம்மா:
சிங்க்கிலிருந்து போகும் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள் அக்கா. எங்கள் ஃபிளாட்டில் அங்கேதான் ஓட்டை. பிளம்பர் ஃபோம் அடித்துவிட்டுப் போனார், கடித்துத் துப்பிவிட்டது. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். அதற்குப் பிறகு வரவில்லை. ஏசி குழாய் வரும் ஓட்டையையும் பாருங்கள்.

மின்கம்பி:
பேட்டரி வாங்கியாயிற்றா? பெட்டியின் பின்னால் அடாப்டர் சொருகும் ஓட்டை இருந்தால் அதிலும் போடலாம், ஆனால் அதே பெட்டிக்கான 6 வோல்ட் அடாப்டர்தான் போட வேண்டும். பின் பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடப்பதைச் சொருகக் கூடாது.

தச்சநல்லூரான்:
ஆளைக் காணோம். வழக்கம்தான். நாம் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருப்போம், கேட்டவர் புது மிக்ஸி பற்றி வேறு இழை தொடங்கியிருப்பார்.

சோளிங்கர் சேகர்:
மாமியார் வந்திருப்பார் சார்.

வேளச்சேரி வாசி:
எல்லோருக்கும் நன்றி. சுவர் ஓரமாகத் திருப்பி வைத்தோம், கடலை தடவினோம், நேற்று ஒன்று விழுந்தது. பெரிசுதான், வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய கட்டை கிடைக்கவில்லை, பழைய மோடம் அடாப்டர் ஒன்று கிடந்தது, அது சரியாகப் பொருந்தியது. இப்போது லைட்டும் நல்ல பளிச்சென்று எரிகிறது.

மின்கம்பி:
ஐயோ. அதைக் கழற்றுங்கள். மோடம் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது? பளிச்சென்று எரிவது நல்லதல்ல, உள்ளே போர்டு எந்த நேரமும் கருகலாம். ராத்திரி சொருகிவிட்டுத் தூங்க வேண்டாம்.

டெல்டாக்காரன்:
செத்ததை வெறும் கையால் எடுக்காதீர்கள், கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டு எடுங்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். புழுக்கை கிடந்த இடத்தை விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம், தூசி பறக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அப்புறம், ஒன்று விழுந்தது என்றால் இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைத்தீர்களா இல்லையா?

மின்கம்பி:
வேளச்சேரி, அடாப்டரைக் கழற்றினீர்களா?

சோளிங்கர் சேகர்:
கடலை என்றால் வறுத்ததா பச்சையா என்று யாராவது சொல்லுங்கள். எனக்கும் ஒன்று மாட்ட வேண்டியிருக்கிறது.

தச்சநல்லூரான்:
வறுத்தது. அந்தக் கருவியையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் சேகர்.