தானாக டயல் செய்யும் இணைப்பில் முதல் பக்கம் மட்டும் வருவதில்லை

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். எங்கள் வீட்டு முகப்பில் 56கே மோடமும், லினக்ஸ் 2.4 கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) ஓடும் பழைய கணினி ஒன்றும் உள்ளன. தேவைப்படும்போது மட்டும் தானாக டயல் செய்யும்படி பிபிபிடியில் (தொலைபேசி வழி இணைப்பை நடத்தும் நிரல்) டிமாண்ட் விருப்பத்தை அமைத்திருக்கிறேன். மோடம் ஒழுங்காக டயல் செய்து, ஏறக்குறைய அரை நிமிடத்தில் இணைந்துவிடுகிறது. ஆனால் எந்தப் பக்கத்தைக் கேட்டதால் டயல் செய்யத் தொடங்கியதோ, அந்தப் பக்கம் மட்டும் வருவதே இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டால் உடனே வருகிறது. மழைக்காலத்தில் லைனில் இரைச்சல் உண்டு என்றாலும், இது வெயில் நாளிலும் நடக்கிறது. பினாங்குக் கடிதத்தைப் பார்க்க வரும் ஆச்சியிடம், "இரண்டாம் தடவைதான் வரும்" என்று எத்தனை நாள் சொல்வது?

பதில் (தேவகோட்டை):
லைனைக் குறை சொல்ல வேண்டாம். டயல் செய்வதற்கு முன்பே பிபிபி0 இடைமுகம் (கணினி இணையத்துக்குப் போகும் வாசல்) உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், பிபிபிடி அதற்கு 10.64.64.64 என்ற தற்காலிக முகவரியை வைத்துவிடுகிறது. உங்கள் உலாவியின் முதல் பாக்கெட் (தரவுத் துண்டு) அந்த முகவரியைச் சுமந்தே புறப்படுகிறது. இணைப்பு கிடைத்ததும் இணையச் சேவையாளர் வேறு முகவரியைத் தருகிறார். காத்திருந்த பாக்கெட்டோ பழைய முகவரியோடு வெளியே போகிறது. ரங்கூன் கடையிலிருந்து அனுப்பிய கடிதத்தில் அனுப்புநர் விலாசத்தைத் தவறாக எழுதினால் பதில் யார் கைக்கும் வராது அல்லவா, அதே கதைதான். டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள்; 10.64.64.64 கண்ணில் படும்.

ப்ராக் கோப்பகத்தில் சிஸ், நெட், ஐபிவி4 என்று உள்ளே சென்றால் ஐபி_டைன்அட்ர் என்ற கோப்பு இருக்கும். அதில் 0 இருந்தால் 1 ஆக்குங்கள். இணைப்புக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வராத டிசிபி சாக்கெட்டுகளுக்கு (உலாவி பக்கத்தைக் கேட்கத் திறக்கும் இணைப்பு முனைகள்), அடுத்த மறுமுயற்சியின்போது கெர்னலே புதிய முகவரியை மாற்றிக் கொடுக்கும். உங்கள் கெர்னலில் மறுமுயற்சிகள் 3, 9, 21, 45ஆம் விநாடிகளில் நடப்பதால், 30ஆம் விநாடியில் இணைந்தாலும் பக்கம் அசைய 45 ஆகலாம். அதற்குள் உலாவியை நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்ன முகவரியே தெரிந்தது. 1 எழுதிய பிறகு எண் முகவரியை நேரே தட்டினால் முதல் தடவையிலேயே பக்கம் வருகிறது. பெயரைத் தட்டினால் மட்டும் "சர்வர் கிடைக்கவில்லை" என்கிறது.

பதில் (பள்ளத்தூர்):
அது டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல். பெயர்த் தேடல் டிசிபியில் அல்லாமல் யுடிபி என்ற வேறு முறையில் போவதால் மேலே சொன்ன மாற்றம் அதைத் தொடாது. போதாக்குறைக்கு, தேடல் 5 விநாடி வீதம் 2 முறை முயன்றுவிட்டுக் கைவிடுகிறது. மோடம் அப்போது இன்னும் கீச்சிட்டுக் கொண்டுதான் இருக்கும். அதே கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் (பெயர் வினவல்களை வாங்கி வெளியே அனுப்பும் சிறு நிரல்) நிறுவி, ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் நேம்சர்வராக 127.0.0.1 (அதாவது அதே கணினி) கொடுங்கள்; அது ஒவ்வொரு வினவலையும் அப்போதுள்ள முகவரியிலிருந்தே அனுப்பும். அதே கோப்பில் டைம்அவுட்டை (ஒரு முயற்சிக்குக் காத்திருக்கும் விநாடிகள்) 10 ஆகவும், அட்டெம்ப்ட்ஸை (முயற்சிகளின் எண்ணிக்கை) 4 ஆகவும் உயர்த்தினால் 40 விநாடி வரை பொறுத்திருக்கும்.

கேட்டவர்:
இரண்டையும் செய்தேன். இன்று காலை ஆச்சி ஒரே தடவைதான் சொடுக்கினார்கள். பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) மட்டும் முதல் சில பாக்கெட்டுகளை இன்னமும் இழக்கிறது, அது போகட்டும்.