நீல டேங் மீனில் வெள்ளைப் புள்ளி, காப்பர் ஊற்றலாமா?

கேள்வி:
புதிதாக விட்ட நீல டேங் மேல் உப்புத்தூள் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள், பாறையில் போய்ப் போய் உரசிக்கொண்டே இருந்தது, இன்று காலை பார்த்தால் பாதிப் புள்ளிகளைக் காணோம். நன்றாகச் சாப்பிடுகிறது. கடல்நீர்த் தொட்டியில் பவளமும், மீன் மேலுள்ள ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும் க்ளீனர் இறாலும் இருக்கின்றன. அப்படியே விட்டுவிடலாமா, இல்லை காப்பர் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

பதில் 1:
தயவுசெய்து ஊற்றாதீர்கள். காப்பர் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும், பாறையும் மணலும் மருந்தை இழுத்துக்கொள்வதால் அளவும் நிற்காது. புள்ளி மறைந்தால் குணமானதாக அர்த்தமில்லை. அது பெரும்பாலும் கிரிப்டோகேரியான், அதாவது கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் சில நாள் தின்றுவிட்டுத் தானாகக் கழன்று, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி வரும். இறாலை நம்பியும் பயனில்லை.

எல்லா மீன்களையும், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். கீலேட் காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த காப்பர் மருந்து) என்றால் சில நாள்களில் மெல்ல 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஏற்றி, அப்புறம் 30 நாள் அதற்குக் கீழே இறங்காமல் டெஸ்ட் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பதில் 2:
முதலில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். புள்ளிகள் உப்பாக இல்லாமல் பொன்தூள் தூவியதுபோல மிக நுண்ணியதாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, பம்ப் தண்ணீர் பாயும் இடத்திலேயே நின்றால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. தண்ணீரின் உப்பு அடர்த்தியை (ஒப்படர்த்தி அளவில்) 1.009க்கு இறக்கும் முறை வெள்ளைப்புள்ளிக்குக் கேட்கும், வெல்வெட்டுக்குக் கேட்காது.

கேட்டவர்:
மூச்சு இயல்பாகத்தான் இருக்கிறது, புள்ளியும் பெரிது. சரி, இன்றே மாற்றுகிறேன். பழைய தொட்டியை என்ன செய்வது?

பதில் 1:
76 நாள் மீனே இல்லாமல் விடுங்கள். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கட்டும். கூட்டிலிருந்து வெளிவருபவை மீன் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும், ஆனால் சில கூடுகள் வாரக்கணக்கில் தாமதமாகத்தான் திறக்கும், அதனால்தான் இவ்வளவு நாள். அந்த ஈரக் கை, ஈர வலையோடு இங்கேயும் அங்கேயும் போகாதீர்கள்.

பதில் 2:
தனித் தொட்டியில் அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். ஏறினால் அம்மோனியா நீக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள், சிலது காப்பரோடு சேர்ந்து மீனுக்கே விஷமாகிவிடும். தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்துவிட்டு.